வள்ளப் பாட்டுக்கு விழுந்த இரண்டு ஓட்டு

டிசம்பர் வந்துவிட்டால் இப்போது கைபேசியே சொல்லிவிடுகிறது, இந்த வருடம் நீ அதிகம் கேட்ட பாட்டு இதுதான் என்று. நம் வயதுக்காரர்கள் அதைப் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். காதோரம் நரைத்தவர்களும் அனுப்புகிறார்கள். எனக்கும் சீக்கிரமே நரைத்துவிட்டது, மை பூசிக்கொண்டுதான் அனுப்புகிறேன். ஆனால் வருடத்தின் சிறந்த பாட்டு எது என்று தீர்மானிக்க ஒரு வீடே வாய் வலிக்கச் சண்டை போட்டதும் உண்டு. எங்கள் வீட்டில் அது ஒரே ஒரு மார்கழியில்தான் அந்த வேகத்தில் நடந்தது. அந்தச் சண்டைக்கு இன்றும் மனசுக்குள் கும்பிடு போட்டுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாயிரத்து ஏழு முடியப்போகிற சமயம். எனக்கு ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சை முடிந்து லீவு. தோவாளையில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஓடு வேய்ந்த சாய்ப்பு ஒன்று இருந்தது. காலையில் பறித்த பிச்சி மொட்டு அங்கே பாயில் குவிந்து கிடக்கும். சந்தையில் அப்பாவுக்குச் சின்னப் பூக்கடை. லோடு வண்டியும் அவரே ஓட்டுவார். சாயங்காலம் அவர் வண்டி எடுப்பதற்குள் எல்லாவற்றையும் சரமாகக் கட்டிவிட வேண்டும். அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியம்மை, நான், லீவுக்குக் குழித்துறைப் பக்கத்திலிருந்து வந்திருந்த அத்தை மகன், எல்லாரும் சுற்றி உட்காருவோம். நனைத்த வாழைநாரின் மணமும் மொட்டின் பச்சை மணமும் கலந்து ஒரு குளிர்ச்சி வரும். நகக்கண்ணில் ஏறிய நார்க்கறை லீவு முடிந்து பள்ளிக்கூடம் போன பிறகும் போகாது.

அம்மாவுக்கு ஒரே சட்டம். "கை நிக்கப்பிடாது. வாய் என்ன வேணும்னாலும் செய்யட்டு."

பாட்டு என் அண்ணன் வழியாக வந்தது. நாகர்கோவிலில் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். அவனிடம் ஒரு சைனா செல்போன் செட் இருந்தது. முதுகில் நாலு ஸ்பீக்கர். பாட்டு ஓடும்போது ஓரங்களில் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடும். சத்தம் கூடினால் செட்டே நடுங்கித் தரையில் தானாக நகரும். அதைப் பூக்கூடைக்குள் வைத்தால் சத்தம் கனக்கும் என்று கண்டுபிடித்தது அத்தை மகன். வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டை நிரப்பித் தருவார்கள். அந்த வருடம் அண்ணனுக்கு ராப் பைத்தியம் பிடித்திருந்தது. பாடுகிறானா, பேசுகிறானா, திட்டுகிறானா என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

"பேய்க்குப் படிக்க பாட்டுலா இது. வீட்ல ஒருத்தி ஏற்கனவே பேசாம இருக்கா, அவளுக்க காதுல இதப் போய் போடுதான்" என்பாள்.

பேசாமல் இருந்தது சித்தி. அம்மாவின் தங்கை. சென்னைப் பக்கம் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐப்பசி மழையில் ஒரு பையோடு தனியாக வந்து இறங்கினாள். ஏன் வந்தாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சாப்பிட்டாயா என்றால் தலையசைப்பு. தலைவலியா என்றால் அதே தலையசைப்பு. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சித்தப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். "நான் கை நீட்டல, ஒரு கெட்ட வார்த்தை சொல்லல. அவளாத்தான் ஒரு நாள் பேச்ச நிறுத்திட்டா" என்றாராம் அவர். அது பொய்யும் இல்லை என்பதுதான் பின்னால் எங்களுக்குத் தெரிந்தது.

பெரியவர்கள் அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார்கள். கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். ஒரு டாக்டர் ரத்தம் குறைவு என்று சிவப்பு டானிக் எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளிடம் காது கேளாதவளிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக உரக்கப் பேசினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் அவள்மேல் பிரியம்தான். அந்தப் பிரியத்தில் அவளை ஏழு வயசுப் பிள்ளையாக்கிவிட்டார்கள் என்பது அப்போது எனக்கும் தெரியாது. சித்தி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு சாய்ப்பின் ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டுவாள். எங்களில் வேகமான கை அவளுடையது.

வருடம் முடிவதற்குள் இந்த வருடத்தின் சிறந்த ராப் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆரம்பித்து வைத்தது அண்ணன். முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் ஓட்டெடுப்பு. அதுவரை யார் வேண்டுமானாலும் எந்தப் பாட்டுக்காகவும் வாதாடலாம்.

பாட்டுகளின் உண்மைப் பெயர் அம்மாவுக்கும் பெரியம்மைக்கும் வாயில் நுழையவில்லை. அவர்களே பெயர் வைத்தார்கள். அண்ணனின் பாட்டு இங்கிலீஷ். தாளம் குளம்புச் சத்தம்போல ஓடும். அது குதிரைப் பாட்டு. அத்தை மகனுடையது கேரளத்துப் பையன்கள் யாரோ மலையாளத்தில் பாடியது, காலேஜ் பாட்டு. என்னுடையது வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் பாடியது, மழைச் சத்தத்தில் தொடங்கும், மழைப் பாட்டு.

அண்ணன் வேகத்தை வைத்து வாதாடினான். "ஒரே மூச்சுல எத்தன சொல்லு விழுதுன்னு கேளுங்க. வேற எவனாலயும் முடியாது."

"வேகம் எங்க ஊரு பஸ்ஸுக்கும்தான் உண்டு கேட்டியா. பாட்டுல காரியம் வேணும்" என்பான் அத்தை மகன்.

என்னிடம் இருந்தது ஒரே வாதம். என் பாட்டில் மழை பெய்கிறது. அதையே தினமும் சொன்னேன்.

"எனக்குக் குதிரதான் கொள்ளாம். அது ஓடும்போ எனக்க கையும் ஓடுது" என்று குதிரைப் பக்கம் சேர்ந்துகொள்வாள் பெரியம்மை.

நாலாவது பாட்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. அண்ணனின் கூட்டாளி ஒருவன், முட்டத்துக்காரன், புளூடூத்தில் அனுப்பியது. பாடியது யார் என்று அவனுக்கும் தெரியாது. கடற்கரையில் நின்று போனிலேயே பதிந்திருக்கிறார்கள். காற்று உர் உர் என்று இரையும். தாளத்துக்கு யாரோ தகர டின்னைத் தட்டுவார்கள். ஒரு பையன் எங்கள் ஜில்லாப் பேச்சிலேயே விடுவிடுவென்று சொல்லிக்கொண்டு போவான்.

எஞ்சின் முக்குது, எனக்க அண்ணன் திட்டுதான்,
எண்ண தீந்து போச்சு, அவன் என்னயத்தான் முட்டுதான்,
மொதலாளி வந்து நின்னு மணலத்தான் தட்டுதான்,
மீனு போயாச்சு மக்கா, வலயத்தான் கட்டுதான்.

பெரியம்மை அதற்கு வள்ளப் பாட்டு என்று பெயர் வைத்தாள்; படகை எங்கள் பக்கம் வள்ளம் என்போம். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இது பாட்டா? மீன் ஏலத்துல கூவுத மாதிரிலா இருக்கு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பையனைப்போலவே சொல்லிக் காட்டினான். 'மீனு போயாச்சு மக்கா' என்பதை இழுத்து, ஆட்டி, வாயைக் கோணிச் சொன்னான். நானும் அத்தை மகனும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள்.

"அதுல என்ன சிரிப்பு?"

யார் கேட்டது என்று முதலில் எங்களுக்குப் புரியவில்லை. குரல் கரகரத்து, அடைத்துப்போய் வந்தது. சித்தி தலை நிமிராமல் மொட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத இன்னொருக்கா போடு."

அம்மா வாயில் கை வைத்தாள். அழுவதற்குத் தயாராகிவிட்டாள். அத்தை மகன் என்னைப் பார்த்தான். அப்போது அண்ணன் செய்த காரியத்துக்கு அவனை எந்த இடத்தில் வைத்துக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. சித்தி பேசிவிட்டாளே என்று அவன் ஆச்சரியப்படவில்லை. வாதத்தில் தோற்கக் கூடாது என்பதே அவனுக்குப் பெரிசாக இருந்தது.

"போடுதேன். ஆனா நாலு வரியும் 'தான் தான்'னு முடியுது சித்தி. இத நானே எழுதுவேன்."

"எழுது பாப்போம்."

அவன் எழுதிப் பார்த்தான். இரண்டு வரிக்குமேல் வரவில்லை. சித்தி அடுத்த நாரை எடுத்தாள்.

மறுநாள் எங்கள் எல்லாருக்கும் பயம், திரும்பவும் பேசாமல் போய்விடுவாளோ என்று. அம்மா காலையிலிருந்து அவளிடம் குழைந்து குழைந்து "என்னம்மா வேணும், ஒரு வார்த்த சொல்லு" என்று கேட்டாள். சித்தி தலையை மட்டும் அசைத்தாள். மத்தியானம் சாய்ப்பில் உட்கார்ந்ததும் அண்ணன், "வள்ளப் பாட்டுக்காரி இருக்கியளா? நேத்துச் சண்ட பாக்கி இருக்கு" என்றான். சித்தி வாயைத் திறந்தாள். அப்படித்தான் அவள் முதலில் எங்களிடம் மட்டும், அதுவும் பாட்டைப் பற்றி மட்டும், பேசத் தொடங்கினாள். அம்மாவுக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் பேய்ப்பாட்டு என்று சொல்லவில்லை. செட்டில் சார்ஜ் இருக்கிறதா என்று காலையிலேயே கேட்க ஆரம்பித்தாள்.

விவாதம் சூடு பிடித்தது. ஒருநாள் அண்ணன் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தான்.

"பாட்டுன்னா எங்க போட்டாலும் நிக்கணும் சித்தி. இத மெட்ராஸ்ல போட்டா சிரிப்பானுவ."

"சிரிப்பாவ" என்றாள் சித்தி. "எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆனா அவருக்க கூட்டாளிமாரு வருவாவ. 'எங்க, அந்த மழை பெஞ்ச கதையச் சொல்லு, பஸ்ஸ விட்ட கதையச் சொல்லு'ன்னு என்ன நடுவுல இருத்தி அவரு சொல்லச் சொல்லுவாரு. நான் சொல்லுவேன். எனக்க பேச்சுல 'எனக்க', 'ஆக்கும்'னு வரும்போ சிரிப்பாவ. மொதல்ல நானும் கூடச் சிரிச்சேன். பொறவு தண்ணி வேணுமான்னு கேட்டாலும் சிரிச்சாவ. ஒருநாள் அவருக்க அம்மைக்கு நெஞ்சு வலி. டாக்டர்ட்ட நான்தான் ஓடிப் போய்ச் சொன்னேன். அதச் சொல்லும்போவும் அவரு பக்கத்துல நின்னு சிரிச்சாரு. அதுக்காட்டு எனக்க பேச்சு மோசமாயிருமா? இந்தப் பாட்டு மோசமாயிருமா? நீ சொல்லு."

அன்றுதான் அம்மாவின் கை நின்றதைப் பார்த்தேன். பாதிச் சரம் மடியில் கிடந்தது. பெரியம்மை செட்டின் சத்தத்தைக் குறைக்கத் தெரியாமல் கூடையைத் துணியால் மூடினாள். இரண்டு மாதமாகக் கோயிலுக்கும் டாக்டருக்கும் அலைந்து எல்லாரும் தேடிய காரணத்தை, சித்தி ஒரு வாதமாக, பாட்டுச் சண்டைக்கு நடுவில் எடுத்து வைத்துவிட்டாள்.

அண்ணன் கூடைக்குள் கையை விட்டுச் செட்டை நிறுத்தினான்.

"மோசமாவாது" என்றான். "சிரிச்சவன் மோசம். ஆனா அதுக்காட்டு இது நல்ல பாட்டும் ஆயிராது. அதுக்கு வேற காரணம் சொல்லணும் நீங்க."

அம்மா அவனை அடிக்கக் கை ஓங்கினாள். சித்தி தடுத்தாள். "அவன் சொல்லுதது சரிதான்" என்றாள். அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. இரக்கப்பட்டு விட்டுக்கொடுக்காத ஒருவனை அத்தனை மாதத்தில் அன்றுதான் அவள் பார்த்தாள் போலிருக்கிறது.

"வேற காரணம் சொல்லுதேன். கடைசி வரிக்கு முன்ன அவன் நிறுத்துதான், கேட்டியா? காத்து மட்டும் இரையும். அந்த எடத்துல அவன் கடலப் பாக்குதான். பொறவுதான் மீனு போயாச்சுங்கான். உங்க பாட்டுக்காரன் எல்லாம் நம்மளப் பாத்து பாடுதான். இவன் நாம இருக்கதே தெரியாம அண்ணங்கூடச் சண்ட போட்டுட்டு நிக்கான். எனக்கு அந்தக் கரையில போய் நிக்க முடியுது."

அண்ணன் பாட்டைத் திரும்பப் போட்டான். நாங்கள் எல்லாரும் அந்த நிறுத்தத்துக்காகக் காது கொடுத்தோம். காற்று இரைந்தது. நான் அதுவரை அதை இரைச்சல் என்று நினைத்திருந்தேன்.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் ஓட்டெடுப்பு தொடங்குகிற நேரத்தில் மாமா வந்தார். வாசலிலேயே சித்தியின் குரலைக் கேட்டுவிட்டார். அவள் அத்தை மகனோடு காலேஜ் பாட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்ற மறந்து சாய்ப்புவரை வந்தார்.

"பேச்சு வந்துட்டா? சாமி கண்ணத் தொறந்துட்டு. அப்ப தை பொறந்ததும் நானே கொண்டு விட்டுருதேன்."

அவருக்கு அது எளிய கணக்கு. நோய் வந்தது, நோய் போய்விட்டது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"அவன் அடிச்சானா?" என்று சித்தியிடம் கேட்டார்.

"இல்லண்ணா."

"குடிப்பானா?"

"இல்ல."

"பொறவு? சிரிச்சான். சிரிச்சதுக்கு ஒரு பொம்பள வீட்ட விட்டு எறங்கி வருவாளா? நாலு பேரு கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?"

சித்தியின் கை நிற்கவில்லை. மொட்டு, நார், முடிச்சு என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"பேச்சு வந்துட்டுன்னுதானே கொண்டு விடப் போறிய? அங்க கொண்டு விட்டா அது திரும்ப நின்னுரும். பொறவு நீங்க கொண்டு விட்டதுதான் எதுக்கு?"

அம்மா எழுந்து சித்தியின் பின்னால் போய் நின்றாள். "அவ எங்கயும் போவாண்டாம்" என்றாள். என் அம்மா தன் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பா அதுவரை வண்டியில் ஏற்றுகிற பூ அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். "மச்சான், தை முகூர்த்தம் வருது. எனக்கு இப்பவே ஆள் காணாது. அவ இங்கின இருக்கட்டு" என்றார். சித்தியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லவில்லை. அவள் தனக்கு வேண்டும் என்று சொன்னார். அந்த வித்தியாசம் எனக்கு விளங்க இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

கொடுத்த சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு மாமா போய்விட்டார். பெரியம்மைதான், "ஓட்டு போடாண்டாமா? எனக்கு வீட்ல சோலி கெடக்கு" என்றாள்.

ஓட்டுப் போட்டோம். மழைப் பாட்டுக்கு நான் ஒருத்தி. காலேஜ் பாட்டுக்கு அத்தை மகன் மட்டும். குதிரைப் பாட்டுக்கு அண்ணனும் பெரியம்மையும். வள்ளப் பாட்டுக்குச் சித்தி கை தூக்கினாள், அம்மாவும் தூக்கினாள். மிச்சம் அப்பாவின் ஓட்டு. சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவளுக்காகப் பேசிய மனிதர், இதிலும் கைவிட மாட்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

"வண்டி ஓட்டும்போ குதிர ஓடுனா ஒறக்கம் வராது" என்று அப்பா குதிரைக்குப் போட்டுவிட்டார்.

வள்ளப் பாட்டு தோற்றது. சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நாங்கள் ஐப்பசியிலிருந்து பார்த்திராத சிரிப்பு. "அத்தான், உங்களுக்குப் பாட்டு கேக்கத் தெரியாது" என்றாள்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவாகரத்து லேசாகக் கிடைக்கவில்லை. அலைச்சல் வருடக்கணக்கில் நீண்டது. ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுக்கு அவளோடு போய்வந்தது, சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போன அதே மாமாதான். மன்னிப்பு என்று எதையும் அவர் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலும் குடையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அண்ணன் கத்தாருக்குப் போனான். அந்த சைனா செட் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அதிலிருந்த வள்ளப் பாட்டும் அதோடு போயிற்று. அதைப் பாடிய பையனை நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. இப்போது முப்பத்தைந்து வயதாவது இருக்கும் அவனுக்கு. தன் பாட்டுக்கு இரண்டு ஓட்டு விழுந்தது அவனுக்குத் தெரியாது.

எனக்கு எல்லாவற்றையும்விட நன்றாக நினைவிருப்பது அந்த ஜனவரியில் ஒரு காலை. மார்கழிப் பனியில் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சந்தையில் குரல் இல்லாமல் பூ விற்க முடியாது. யாரும் சொல்லாமலே சித்தி புடவையைச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். அப்பாவுக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு நானும் போனேன். கேரளத்து வியாபாரிகளும் திருநெல்வேலி, மதுரைக்காரர்களும் கூட்டமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தரையெல்லாம் நசுங்கிய கேந்திப் பூவும் துளசியும். சித்தி கூடைக்குப் பின்னால் நின்றாள். முதலில் குரல் வெளியே வரவில்லை. அப்பா அவளைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் இன்னொரு தடவை மூச்சை இழுத்து, எங்கள் ஊர்ப் பேச்சில், எங்கள் ஊர் இழுப்போடு, உரக்க விலை சொன்னாள்.

முன்னால் நின்ற வெளியூர் வியாபாரி ஒருவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, நீ பேசுறியா, பாடுறியா?" என்றார்.

அப்பா சட்டென்று திரும்பினார்.

சித்தி வியாபாரியை நேராகப் பார்த்தாள். "ரெண்டுக்கும் வெல ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றாள். "பிச்சி வேணுமா, வேண்டாமா?"

அவர் வேண்டும் என்றார். சித்தி தராசைத் தூக்கினாள்.